கயிறா, கோழியா?

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷனுக்கு எத்தனை கை? ரெண்டு. அந்த ரெண்டையும் ஒருத்தர் சொரசொரன்னு வச்சுக்கோங்கறாரு, இன்னொருத்தர் வழவழன்னு வச்சுக்கோங்கறாங்க! நான் என்னதான் சார் பண்ணட்டும்? ஆளுக்கு ஒண்ணா கழட்டியா குடுக்க முடியும்?... கொஞ்சம் அப்படித் தள்ளிக்கோங்க, வெளிச்சம் மறைக்குது. ஆங், அப்படித்தான். கதவு தானே? திறந்துடலாம், கவலையே படாதீங்க. சாவியை உள்ள வச்சுட்டு வெளிய வந்து டப்புன்னு சாத்திட்டீங்க, இப்ப பூட்டு கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மெதுவாத்தான் சமாதானம் பண்ணணும். அந்தப் பையைக் கீழ வைங்க சார். என்ன அது, சொட்டுது? ஐஸ்கிரீமா? அடடா... சரி விடுங்க, கரைஞ்சா குடிச்சுக்கலாம். போற இடம் ஒண்ணுதானே.

எங்க விட்டேன்? ஆங், கை. இந்தக் கையைப் பாருங்க. சும்மா தொட்டுப் பாருங்க சார், ஒண்ணும் ஒட்டிக்காது. எப்படி இருக்கு? உப்புத்தாள் மாதிரி இல்ல? எல்லாம் எங்க மச்சான் உபயம். மச்சான்னா என் வீட்டுக்காரியோட அண்ணன், டயர் கடை வச்சிருக்காரு. எங்க தெருவுல கடை வச்சிருக்கிற எட்டு பேரு சேந்து கயிறு இழுக்கிற டீம் ஒண்ணு வச்சிருக்கோம். அவருதான் கேப்டன். நான் கடைசி ஆளு. கடைசின்னதும் மட்டமா நினைச்சுடாதீங்க! அதுதான் சார் முக்கியமான இடமே. கயித்தோட வாலை இடுப்புல சுத்திக்கிட்டு, குதிகாலை மண்ணுல ஊணிக்கிட்டு, அப்படியே பின்னாடி சாயணும். மத்த ஏழு பேரும் இழுப்பாங்க. நான் இருப்பேன். அவ்வளவுதான் என் வேலை, இருக்கிறது. அதுக்கு உடம்பு வேணும்ல? நமக்கு அது தாராளமா... ஏன் சார் சிரிக்கறீங்க? சிரிங்க சிரிங்க, எல்லாரும் சிரிக்கறதுதான்.

தினம் காலையில அரிசிக் கடைத் தராசுல ஏத்தி நிறுத்திடுவாரு என்னை. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவுல நான் ஒரு மூட்டை. கால் கிலோ குறைஞ்சா போதும், அங்கேர்ந்தே தங்கச்சிக்குப் போன். "என்னம்மா, மாப்ளைக்கு சோறு போடறியா இல்லையா?" அவ சும்மா இருப்பாளா? அந்தக் கோவத்துல ராத்திரிக்கு சேத்து ரெண்டு வேளை சாப்பாட்டை ஒரே தட்டுல கொட்டி, "தின்னுங்க, எங்க அண்ணன் எடை பாக்கணுமாம்"னு முன்னாடியே உக்காந்துக்குவா. என் வயிறு, அதுக்கு அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் பங்காளிங்க. நான் சும்மா சுமந்துட்டுத் திரியறேன்.

இருங்க, இந்தக் கம்பி சரியில்ல, வேற எடுக்கறேன்.

அப்ப இன்னொரு கை எங்க வந்துதுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, கேக்கலேன்னாலும் சொல்றேன், இல்லேன்னா கதை புரியாது. எங்க ஏரியாவுல ஒரு நர்ஸம்மா இருக்காங்க, ரிட்டயர் ஆனவங்க. மருந்துக்கடை மாடியில எம்ப்ராய்டரி கிளாஸ் எடுக்கறாங்க. நூலெல்லாம் வைக்கிற பீரோ பூட்டு மாட்டிக்கிச்சுன்னு என்னைக் கூப்பிட்டாங்க. போனேன். திறந்தேன். திறந்துட்டு வந்திருக்கணும். அங்கதான் சார் தப்பு பண்ணினேன். ஒரு அம்மா ஊசியில நூல் கோக்க முடியாம கண்ணை இடுக்கி இடுக்கிப் பாத்துக்கிட்டிருந்தாங்க. குடுங்கம்மான்னு வாங்கி ஒரே தடவையில கோத்துக் குடுத்தேன். பூட்டு ஓட்டைக்குள்ள கம்பி விடறவனுக்கு ஊசிக் காது ஒரு விஷயமா? உடனே இன்னொரு அம்மா நீட்டினாங்க. அப்புறம் இன்னொருத்தங்க. பீரோ திறக்கப் போனவன், சாயங்காலம் பாத்தா பாயில சம்மணம் போட்டு உக்காந்து, வளையத்துல துணியை மாட்டி, நானே குத்திக்கிட்டிருக்கேன்!

என்ன சொல்றது சார்... பிடிச்சுப் போச்சு. அவ்வளவுதான். பச்சை நூல், மஞ்ச நூல், உள்ள போய் வெளிய வர்ற அந்த 'சரக்'குன்னு சின்ன சத்தம். யாரும் கத்த மாட்டாங்க. யாரும் எடை போட மாட்டாங்க.

இப்ப ஒரு தலகாணி உறை முடிச்சிருக்கேன். கோழி. பெரிய கோழி, உறை முழுக்க. றெக்கைக்கு மட்டும் நாலு வெள்ளை. நாலும் வேற வேற வெள்ளை சார், சாதாரணமா பாத்தா தெரியாது. வீட்ல கொண்டு போய் ஆசையா விரிச்சுக் காட்டறேன், இவ பாத்துட்டு, "ஐயே, காலிஃப்ளவர் அச்சு அசலா வந்திருக்கே!"ங்கறா. கோழிடின்னேன். "அப்ப இது?"ன்னா. அது கால். "காலிஃப்ளவருக்கு எதுக்குக் கால்?"... விடுங்க. நர்ஸம்மா பாத்ததும் கோழின்னு சொன்னாங்க. கொஞ்சம் யோசிச்சுட்டு சொன்னாங்க, ஆனா சொன்னாங்க.

பிரச்சனை என்னன்னா, பட்டு நூல் இருக்கே, அதுக்கு ரோஷம் ஜாஸ்தி. காப்புக் காய்ச்ச கை பட்டா பிசிறு பிசிறா மாட்டிக்கும். நர்ஸம்மா என் கையைப் பாத்துட்டு பதறிட்டாங்க. ராத்திரி படுக்கும்போது வாசலின் தடவி, ரெண்டு கைக்கும் காலுறை மாட்டிக்கிட்டுத்தான் தூங்கணும்னு ஆர்டர். ஆஸ்பத்திரி ஆர்டர் சார், மீற முடியாது. மாட்டிக்கிட்டுப் படுத்தேன். காலையில எந்திரிச்சு காலுறையோட கன்னத்தைச் சொறியறேன், இவ பாத்துட்டு வீல்னு கத்தறா.

அந்தக் கையோட நேரா கயிறு இழுக்கப் பழகப் போனா? கயித்தோட ஒரு முனையை மரத்துல கட்டியிருக்கோம். இடுப்புல இன்னும் சுத்தல. மச்சான் "இழு!"ங்கறாரு. நான் சாயறேன். கயிறு என் கையில வழுக்கிக்கிட்டுப் போகுது, நான் பின்னால போறேன், போறேன், போய்க்கிட்டே இருக்கேன்... பூக்கடைக்காரம்மாவோட தண்ணி வாளியில போய் உக்காந்துட்டேன். உக்காந்தது பரவால்ல சார். எந்திரிக்கும்போது வாளியும் கூடவே எந்திரிச்சுது. அன்னிக்கித்தான் எங்க டீம் எட்டு பேரும் ஒத்துமையா வாளியைப் புடிச்சு இழுத்தாங்க... ஏழு பேரு, எட்டாவது ஆளு வாளிக்குள்ள.

போன் அடிக்குதா? என் மேல்பாக்கெட்ல. கையில கம்பி இருக்கு, நீங்களே எடுத்துப் பாருங்க. யாரு? மச்சானா? சார் சார், எனக்காக ஒரு வார்த்தை... ரொம்ப சிக்கலான பூட்டு, நகர முடியாதுன்னு சொல்லுங்க. சொல்லுங்க சார், இதுல என்ன பொய் இருக்கு? நகர முடியலதானே? ஆங்... வச்சுட்டாரா? கெட்ட வார்த்தை சொன்னாரா? அது உங்களை இல்ல சார், பூட்டை.

பாவம், அவரு மேலயும் தப்பு இல்ல. இன்னிக்கி ஃபைனல். எதுத்து யாருன்னு நினைக்கறீங்க? தீயணைப்பு நிலையத்து ஆளுங்க! ஒவ்வொருத்தனும் அந்த வண்டி சைஸ் இருப்பான். போன வருஷம் இழுத்த இழுப்புல எங்க எட்டு பேரோட செருப்பும் நின்ன இடத்துலயே வரிசையா நிக்குது, நாங்க மட்டும் அந்தப் பக்கம் கிடக்கறோம். இந்த வருஷம் ஃபைனலுக்கு வந்ததே எப்படின்னு கேளுங்க. கேளுங்களேன்! செமி ஃபைனல் அன்னிக்கு அவசரத்துல கிளாஸ்லேர்ந்து நேரா ஓடியாந்தேனா, சட்டை மார்புல ஊசியைக் குத்தி வச்சது மறந்தே போச்சு. எனக்கு முன்னாடி நிக்கறது போட்டோ ஸ்டுடியோக்காரரு. இழுக்க இழுக்க அவரு என் மேல சாயறாரு, சாயறாரு... திடீர்னு "ஐயோஓஓ!"ன்னு ஒரு அலறல் போட்டாரு பாருங்க! எதுத்த டீம் மொத்தமும் யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு கயித்தை விட்டுட்டாங்க. நாங்க இழுத்துட்டோம். ஜெயிச்சாச்சு! மச்சான் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாரு, அவருக்கும் லேசா குத்திச்சு. இன்னி வரைக்கும் அந்த அலறல் ஸ்டுடியோக்காரரோட தந்திரம்னுதான் நம்பிக்கிட்டிருக்காரு. தினம் அவரைத் தனியா நிறுத்தி அலறச் சொல்லி பயிற்சி வேற நடக்குது. கல்யாண போட்டோ எடுக்க வந்தவங்க திரும்பிப் போறாங்க.

மறுபடியும் போனா? இது நர்ஸம்மாவா இருக்கும். வேணாம், எடுக்காதீங்க. அவங்ககிட்ட பொய் சொன்னா குரலை வச்சே காய்ச்சலா இல்லையான்னு கண்டுபிடிச்சுடுவாங்க. இன்னிக்கி கண்காட்சி சார். ஏழு அம்மாக்களோட வேலையும் என் கோழியும். யார் செஞ்சதோ அவங்க பக்கத்துலயே நிக்கணுமாம், வர்றவங்க கேட்டா விளக்கணும். என் கோழிக்கு ஆள் நின்னே ஆகணும், உங்களுக்கே தெரியும், விளக்காட்டி நிலைமை என்னன்னு. நாலு மணிக்கு ரிப்பன் வெட்டறாங்க. நாலு மணிக்கு அங்க விசில் ஊதறாங்க. உங்க பில்டிங் வாசல்ல இறங்கினா இடது பக்கம் மைதானம், வலது பக்கம் கண்காட்சி ஹால். நடந்தா ரெண்டும் ஒரே தூரம். நான் நடந்து பாத்துட்டேன்.

என்ன சார்? தேதியை மாத்தச் சொல்லியிருக்கலாமே, எவன் குறிச்சான் ஒரே நேரத்துலயா?

அது வந்து... கொஞ்சம் எண்ணெய் விடணும்போல இந்தப் பூட்டுக்கு.

...சரி, சொல்லிடறேன். நான்தான் சார். மச்சான் கேட்டாரு, "மாப்ள, நீ இல்லாம ஆட முடியாது, உனக்கு என்னிக்கு சௌகரியம்னு சொல்லு, அன்னிக்கே வைக்கச் சொல்றேன்." சனிக்கிழமை நாலு மணின்னேன். மறுநாள் நர்ஸம்மா கேட்டாங்க, "உங்க கோழி இல்லாம கண்காட்சியே நல்லா இருக்காது, உங்களுக்கு எப்ப ஒழியும்?" சனிக்கிழமை நாலு மணிங்கம்மான்னேன். ஏன்னா எனக்கு ஒழியறது அப்ப மட்டும்தான்! முறைக்காதீங்க சார். வாயில வந்துடுச்சு. அவங்க முகம் அப்படியே மலர்ந்துச்சு, அப்ப போய் எப்படி மாத்தறது?

உங்களுக்குப் புரியாது. என்னை யாரு தேடுவாங்க சொல்லுங்க? பூட்டிக்கிட்டா தேடுவாங்க. வர்ற வரைக்கும் அண்ணே, சார், எங்க இருக்கீங்க, சீக்கிரம் வாங்கன்னு உயிரை எடுப்பாங்க. திறந்துட்டேன்னா அவ்வளவுதான், முகத்தைக்கூட பாக்காம உள்ள போய் சாத்திக்குவாங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட 'உள்ள வந்து உக்காருங்க'ன்னு சொன்னதில்ல சார். இப்ப ரெண்டு இடத்துல, நான் வந்தாத்தான் ஆச்சுன்னு உக்காந்திருக்காங்க. ரெண்டு இடத்துல! ஒண்ணுக்குப் போனா இன்னொண்ணு போயிடும். மச்சான் மூஞ்சைத் திருப்பிக்குவாரு, இல்லேன்னா நர்ஸம்மா என் பாயைச் சுருட்டி வச்சுடுவாங்க. எனக்கு ரெண்டும் வேணும் சார். பேராசைதான். இருந்துட்டுப் போகட்டும்.

மணி என்ன? நாலாக அஞ்சு நிமிஷமா? ஐயோ... இப்ப கிளம்பினாக்கூட ஏதாவது ஒண்ணுக்குப் போயிடலாமே! அதான் சார் பயமா இருக்கு.

கதவா? கதவு... கோவப்பட மாட்டீங்கன்னா சொல்றேன். கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்துங்க. இன்னும் கொஞ்சம். ஆங்... பாத்தீங்களா! இப்ப திறந்துச்சான்னா... இல்ல சார். முதல் கம்பியை விட்டேன்ல? அப்பவே திறந்துடுச்சு. ரொம்ப சாதாரணப் பூட்டு இது, நல்லதா ஒண்ணு மாத்திக்கோங்க. அதுக்கப்புறம் சும்மாதான் நோண்டிக்கிட்டிருந்தேன். உங்களை நிக்க வச்சது தப்புதான், ஐஸ்கிரீம் பாவம் என்னைச் சும்மா விடாது... ஆனா நீங்களும் பொறுமையா கேட்டுக்கிட்டு இருந்தீங்களா, மனசு நிறைஞ்சு போச்சு. சார், ஒரே ஒரு விஷயம், நீங்களா இருந்தா இடது பக்கம் திரும்புவீங்களா, வலது... சார்? சார்! ஒரு வார்த்தை சொல்லிட்டு சாத்துங்களேன்!

சாத்திட்டாரு.

...அம்மா! அம்மா, ஒரு நிமிஷம். இந்த எதுத்த வீடு உங்களதா? இல்ல, நீங்க சாவி போட்டுத் திருப்பினீங்களே, அந்த சத்தம் எனக்குச் சரியா படலையே. நல்லாத்தான் இருக்கா? அப்படித்தாம்மா எல்லாரும் நினைக்கறாங்க, நான் பூட்டுக்காரன், எனக்குத் தெரியாதா? காசெல்லாம் ஒண்ணும் வேணாம். நீங்க உள்ள போங்க, கதவை மட்டும் சாத்திக்கோங்க, நான் வெளிய இருந்தபடியே ஒரு நாலரை மணி வரைக்கும் பாத்துக் குடுத்துட்டுப் போறேனே.