கம்பியில்லாத ஜன்னல்

ரேடியோச் சத்தம்கூட எட்டாத காலம் அது. கரட்டுக்குளம்னு ஒரு ஊர். அந்த ஊர்ல விருமாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ அண்ணன் மக சிட்டம்மாளுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. அத்தையும் மருமகளும் கையாலயே ஊர்க்கதை எல்லாம் பேசிச் சிரிப்பாங்களாம்.

"காது கேக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?"ன்னாராம் தேவசகாயம் வாத்தியார். "நீங்க வாயில சொல்லுங்க, நான் கையில சொல்றேன்"னு மல்லுக்கட்டிச் சேத்துவிட்டா விருமாயி. தெனமும் கரும்பலகை ஓரமா நிப்பா. அவர் சொல்லச் சொல்ல இவ கை பேசும். வாத்தியார் நல்ல மனுசந்தான், முணுமுணுப்புதான் ஜாஸ்தி.

ஒருநாள், "இந்த மரமண்டைக்குப் பாடம் நடத்தணும்னு என் தலையெழுத்து"ன்னு முனகினாராம். விருமாயி அதையும் கையில சொல்லிட்டா. சிட்டம்மா சும்மா இருப்பாளா? வெரலை ஆட்டி ஒண்ணு சொன்னா. விருமாயி அதை அப்படியே வாயில சொன்னா: "உம்ம மண்டை மட்டும் என்ன வெள்ளியா?"

வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுதாம்.

"யாரைப் பாத்து என்ன சொன்னே?"

"நான் எங்கய்யா சொன்னேன்? அவ சொன்னா."

"உன் வாய்தானே பேசுச்சு?"

"அட கடவுளே! மரமண்டைன்னு என் கைதான் சொல்லுச்சு. அப்ப அதைச் சொன்னது நானா, நீரா?"

"வெளிய போ! இனி உன் கால் உள்ள படக்கூடாது. பரீட்சையில இவ தப்புவிட்டா, இவ பேரையும் பதிவேட்டுலருந்து அடிச்சிருவேன்!"

விருமாயி வீட்டுக்குப் போனாளா? போகலை. ஜன்னலுக்கு வெளிய போய் நின்னா. அங்கிருந்தே கை காட்டினா. பரீட்சை வந்துச்சு. வாத்தியார் வாய்க்கணக்குச் சொன்னார். இவ நாலு வெரல் காட்டினா, ஒண்ணு ஜன்னல் கம்பியில மறைஞ்சுபோச்சு. பிள்ளை மூணுன்னு நெனச்சுக் கூட்டிருச்சு. தப்பு. கையை இந்தப் பக்கம் நகத்தினா, இன்னொரு கம்பி. அதுவும் தப்பு.

"இந்த எழவெடுத்த கம்பி!"ன்னு பல்லைக் கடிச்சாளாம். பக்கத்துல தென்னங்கன்னுக்குக் குழி வெட்டுறவன் கடப்பாரையைப் பிடுங்கி வந்தா. செல்லரிச்ச சட்டம், ஒரே நெம்புல கம்பி மொத்தமும் கழண்டு விழுந்துச்சாம். ரெண்டு கையையும் உள்ள நீட்டிக்கிட்டு நின்னா.

"கால் உள்ள படக்கூடாதுன்னேன்ல!"

"கால் வெளியதான் இருக்கு, குனிஞ்சு பாரும்! கணக்கை முதல்லருந்து சொல்லும்!"

மனுசன் தலையில கைய வச்சு உக்காந்துட்டாராம். அப்புறம் முதல்லருந்து சொன்னார். சிட்டம்மா ஒண்ணுவிடாமப் போட்டா.

சிலேட்டைப் பாத்துட்டு, "சரி, உள்ள வந்து தொலை"ன்னாராம் வாத்தியார்.

"மாட்டேன் போம். உம்ம முணுமுணுப்பு கேக்காத தூரம் இதுதான்!"

சிட்டம்மா படிச்சு முடிக்கிறவரை அங்கதான் நின்னாளாம். அதனாலதான் கரட்டுக்குளம் பள்ளிக்கூடத்துல அந்த ஜன்னலுக்கு மட்டும் இன்னைக்கும் கம்பி கெடையாது. அதுக்கு நேரெதிர் எடம் காது கேக்காத பிள்ளைக்குத்தான். ஆடு தலையை நீட்டும், மழைச் சாரல் அடிக்கும். ஒவ்வொரு புது வாத்தியாரும் வந்து, "ஏன் இதுக்குக் கம்பி போடலை?"ன்னு கேப்பாராம். ஊர்க்காரங்களும், "வந்துட்டாருய்யா இன்னொருத்தர்"னு அலுத்துக்கிட்டே, விருமாயி கதையை முதல்லருந்து ஆரம்பிப்பாங்களாம்.