அக்கா முன்னால் சொல்லக் கூடாத பேர்

— உட்கார மாட்டேன் லாடாய். நின்னுகிட்டேதான் கேப்பேன். ஊர் சொல்றது நிஜமா, பொய்யா?

— ஊர் ஆயிரம் சொல்லும் அண்ணி. நீங்க எதைக் கேக்குறீங்க?

— என் வாயால சொல்ல வைக்காதே.

— மரியாதைக்குக் கட்டுற இடுப்புப் பாயெல்லாம் கட்டிட்டு வந்திருக்கீங்க. சாவு வீட்டுக்கா, பஞ்சாயத்துக்கா?

— புருஷனோட அக்கா வீடு தேடி வந்தா அது பஞ்சாயத்துதான், கேட்டுக்கோ. கல்யாணமோ சாவோ, இந்த வீட்ல முடையுற முதல் பாய் எனக்குத்தான் வரணும். என் வார்த்தைக்கு மேல என் தம்பி ஸெமிசியே ஒரு வார்த்தை பேச மாட்டான். அப்பேர்ப்பட்ட குடும்பத்துக்குள்ள நீ கெட்ட நோயைக் கொண்டுவந்துட்டேன்னு ஃபூஸி கடை ஜன்னல்ல நின்னு பேசுறாளுங்க. நான் சோப்பு வாங்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அத்தனை பேரும் கப்சிப். சோப்பைக்கூட மறந்துட்டு நேரா இங்க வரேன்.

— சோப்பு நம்ம வீட்ல இருக்கு. போகும்போது தரேன்.

— கிண்டலா?

— இல்ல அண்ணி. உட்காருங்க, சொல்றேன். ஒளிக்க ஒண்ணுமே இல்ல. போன மாசம் ஆஸ்பத்திரியில கருப்பை வாய்ப் பரிசோதனை பண்ணிக்கிட்டேன். கிருமி இருந்துச்சு.

— ஐயோ, மெல்ல! பின்னால ஸெமிசி தேங்காய் துருவுறான். அக்கா உள்ள இருக்கும்போது இந்தப் பேச்சு அவன் காதுல விழலாமா? அக்கா தம்பி மரியாதைன்னு நாங்க ரெண்டு பேரும் ஒரே அறையில உட்கார்ந்து படம்கூடப் பார்த்ததில்ல, தெரியுமில்ல?

— துருவுற சத்தத்துல என்ன விழப் போகுது.

— அந்தக் கிருமி எப்படி வரும்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஆம்பளையால வர்றது. யாரவன்?

— ஸெமிசி.

— என்னடி சொன்னே?

— எனக்குத் தெரிஞ்ச ஆம்பளை உங்க தம்பி ஒருத்தர்தான் அண்ணி. வேற பேர் வேணும்னா நான் எங்க போறது?

— அப்போ என் தம்பி தப்புப் பண்ணிட்டான்னு சொல்றே!

— அதுவும் இல்ல. நானும் உங்களை மாதிரிதான் நர்ஸ் வேஸினியாவைப் பிடிச்சு உலுக்கினேன், யார் குடுத்தது, எப்போ குடுத்ததுன்னு. அவ சிரிச்சா. ஆம்பளையோட சேர்ந்து வாழ்ற முக்கால்வாசிப் பேருக்கு எப்பவாவது வந்து தானாப் போயிடுமாம். சிலருக்கு மட்டும் போகாம உள்ளேயே குந்திக்கும். பத்து வருஷம், இருபது வருஷம் சத்தமே இல்லாம இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி வந்ததா, பின்னாடி வந்ததான்னு ராஜாவோட டாக்டரே வந்தாலும் சொல்ல முடியாதாம்.

— ம். அப்புறம்?

— ஒரு இடத்துல தோல் மாற ஆரம்பிச்சிருந்துச்சு. புத்துநோய் இல்ல அண்ணி. விட்டிருந்தா ஒருநாள் ஆகியிருக்கும். அன்னைக்கே டாக்டரம்மா சூடு வச்சுப் பொசுக்கிட்டாங்க. மாசவிலக்கு வலி மாதிரி கொஞ்ச நேரம் இருந்துச்சு. மறுநாள் பாய் முடைய உட்கார்ந்துட்டேன். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்.

— கண்டவங்க முன்னால துணியை விலக்கிட்டு வந்து, என்னமோ பதக்கம் வாங்கினவ மாதிரி சொல்றே.

— பதக்கம்தான்! ரக்பியில ஜெயிச்சுட்டு வந்த பையனை வண்டியில நிக்க வச்சு, கொடி பிடிச்சுத் தீவையே சுத்திக் கூட்டிட்டு வந்தோமே. அவன் பந்தைக் காப்பாத்தினான். நான் என் மூணு பிள்ளைங்களோட அம்மாவைக் காப்பாத்தியிருக்கேன். எனக்கு எதுக்கு வெட்கம்? வர்ற ஞாயித்துக்கிழமை சபையில பெண்கள் கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லலாம்னு இருக்கேன்.

— சொல்லுவே, சொல்லுவே. நாக்கு நீளம் உனக்கு.

— இன்னொண்ணு கேளுங்க. முதல் பரிசோதனைக்கு யாரும் நம்மளைப் பார்க்கக்கூட வேண்டாம். பஞ்சு வச்ச மெல்லிசுக் குச்சி ஒண்ணு குடுப்பாங்க. அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு, நாமளே உள்ள தடவி எடுத்துக் குடுக்கலாம். கிருமி இருக்குன்னு வந்தாத்தான் டாக்டரம்மா பார்ப்பாங்க.

— நாமளேவா?

— நாமளே. காது குடையுற நேரம்கூட ஆகல.

— அதெல்லாம் இருக்கட்டும். ஊருக்குள்ள யார் சொன்னது? அந்த நர்ஸா? பேரைச் சொல்லு. பாதிரியார் முன்னால நிறுத்தி மன்னிப்புக் கேக்க வைக்கலேன்னா நான் கலோலைனே இல்ல.

— பாவம், அவ வாயே திறக்கல.

— அப்போ யாரு?

— நான்தான்.

— என்னது?

— நான்தான் ஃபூஸிகிட்ட சொன்னேன். யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு வேற சொன்னேன். அப்பத்தானே சாயங்காலத்துக்குள்ள ஊர் முழுக்கப் போகும்? உங்க காதுக்கு வர மட்டும் ரெண்டு வாரம் ஆயிடுச்சு. அவ்வளவு பயம் உங்ககிட்ட.

— புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? தன் மானத்தைத் தானே கொண்டுபோய்க் கடையில தொங்க விடுவாளா ஒருத்தி?

— வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ரெண்டு தடவை உங்க வீட்டுக்கு வந்து பேச்செடுத்தேன். ஒரு தடவை நாயைக் கூப்பிட ஆரம்பிச்சிட்டீங்க. இன்னொரு தடவை, வா ஜெபம் பண்ணலாம்னீங்க. நானா வந்து பேசினா உங்க காதுல ஏறாது. நீங்களா சண்டைக்கு வந்தா, முழுசாக் கேட்டு முடிக்காம போக மாட்டீங்க.

— எனக்கு எதுக்குடி இதெல்லாம்? எனக்கு அம்பத்தி நாலு. எல்லாம் நின்னு போச்சு.

— உங்க அம்மாவுக்கும் நின்னு போன பிறகுதான் மறுபடி ரத்தம் வந்துச்சு.

— யார் சொன்னது? எங்கம்மா வயித்து வலியில போனா.

— அண்ணி...

— வயித்து வலிதான்! சபையில அப்படித்தான் சொன்னோம். அப்பாவுக்கே அவ்வளவுதான் தெரியும். கடைசி மாசம் அந்த அறைக்குள்ள நான் ஒருத்திதான் போனேன். வாடை தெரியாம இருக்க எண்ணெய்ல பூவைப் போட்டுக் காய்ச்சித் தேய்ப்பேன். ரத்தத் துணியெல்லாம் விடியறதுக்கு முன்னாடி நான்தான் கொண்டுபோய்ச் சீமைப்பலா மரத்தடியில புதைப்பேன். தம்பி கண்ணுல படக் கூடாதுன்னு.

— பட்டுச்சு அண்ணி.

— இல்ல. படவே இல்ல.

— நாய் தோண்டாம இருக்க அது மேல கல் இருக்குமே, ஞாபகம் இருக்கா?

— ...ஆமா. பவழக் கல். நான் மண்ணைத் தள்ளிட்டு வந்துடுவேன். அடுத்த தடவை போனா மேல கல் இருக்கும். சத்தியமாச் சொல்றேன், செத்துப் போன எங்க பாட்டன் வந்து வச்சுட்டுப் போறார்னு நினைச்சேன்.

— பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் கடற்கரையில இருந்து தோள்ல தூக்கிட்டு வந்தான்.

— ஸெமிசியா?

— ஸெமிசிதான். எனக்கே ரெண்டு மாசம் முன்னாடிதான் சொன்னார். நம்ம பெரியவளுக்கு ஸ்கூல்ல தடுப்பூசி போட்டாங்களே, அன்னைக்கு. எதுக்கு ஊசின்னு கேட்டார். கருப்பை வாயில புத்து வராம இருக்கன்னு சொன்னேன். அப்படியே எழுந்து வெளியே போய் நின்னுட்டார். திரும்பி வந்து, "அம்மாவுக்கு அதுதான். அக்காவுக்கும் வந்துட்டா என்ன பண்றது? என்னால அவங்க முன்னால இந்தப் பேச்சை எடுக்க முடியாது. நீ முதல்ல போய்ப் பார்த்துக்கோ, பார்த்துட்டு அக்காவைக் கூட்டிட்டுப் போ"ன்னார். அவரே வண்டியில கொண்டுபோய் விட்டுட்டு, நான் வெளியே வர்ற வரைக்கும் மாமரத்தடியிலேயே நின்னார். உங்களுக்காகத்தான் போனேன் அண்ணி. போன இடத்துல மாட்டினது என்னோடது.

— அந்தத் துண்டை எடு.

— அழுறீங்களா?

— கலோலைனே அழ மாட்டா. அடுப்புப் புகை.

— அடுப்பு இன்னும் பத்தவே வைக்கலையே.

— வாயை மூடுடி. ...முப்பது வருஷமா, துணி துவைக்கும்போதெல்லாம் முகர்ந்து பார்த்திருக்கேன் லாடாய். அம்மா வாடை வருதான்னு. ஒரு உயிர்கிட்டச் சொன்னதில்ல. விருந்துல எனக்குத்தான் முதல் இடம், நான் நடந்து வந்தா எல்லாரும் தலை குனியிறாங்க. அப்படிப்பட்டவளுக்குப் பயம் வந்தா, போய் யார்கிட்டச் சொல்றது?

— என்கிட்ட.

— உன்கிட்டவா? நீ கடையில போய்ச் சொல்லிடுவே.

— உங்க விஷயத்தைச் சொல்ல மாட்டேன் அண்ணி. சத்தியமா.

— ஏன் சொல்லக் கூடாது? நான் என்ன திருடிட்டா வந்தேன்? அந்த நர்ஸ் இன்னிக்கு இருப்பாளா?

— நாலு மணி வரைக்கும் இருப்பா. பின்வாசல் பக்கமா போனா ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க.

— பின்வாசலா? இடுப்புல பாய் எதுக்குக் கட்டியிருக்கேன்? முன்வாசல்லதான் போவேன். ஃபூஸி கடை முன்னாடி நிறுத்தி அவளையும் ஏத்திக்கிட்டுப் போவேன். அவளுக்கும் நாப்பது தாண்டியாச்சு.

— அவ வர மாட்டேன்னு சொன்னா?

— எங்க சித்தப்பா பேத்தி அவ. நான் கூப்பிட்டு வரமாட்டேன்னு சொல்லட்டும், பார்க்கலாம்! இந்தக் குடும்பத்துல முப்பது தாண்டின ஒருத்தியையும் விடப் போறதில்ல, கேட்டுக்கோ. இத்தனை வருஷமா பாய் பாயாக் கேட்டு வாங்கினேன். இப்போ இதைக் கேக்குறேன். எவ இல்லேன்னு சொல்லுவா? ...அது சரி, துருவுற சத்தம் ஏன் நின்னு போச்சு?

— ரொம்ப நேரமா நின்னுதான் இருக்கு அண்ணி.

— ஸெமிசி!

— ...அக்கா?

— வாசப்படிக்கு வா. தலையைக் குனியாதே, இங்க பாரு. வண்டியை எடு. எங்க போறோம்?

— ஆஸ்பத்திரிக்கு அக்கா.

— எதுக்கு?

— உங்க... உடம்பைக் காட்டிட்டு வர.

— உடம்புல எதை? அதுக்குப் பேர் கிடையாதா?

— அக்கா, வேண்டாம். உங்க முன்னால நான் எப்படி...

— மரியாதை எனக்குக் குடுக்குறதுதானே? வாங்கிக்கிறவ நான் சொல்றேன், சொல்லலாம். பேரைச் சொல்லு.

— ...கருப்பை வாய்.

— சத்தமாச் சொல்லுடா. அம்மாவுக்குக் கேக்கல.