கொஞ்சம் கூட்டி வை, அண்ணா

உங்கள் மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது, ஐயா. இப்போதே ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொன்னால் புதுசு வாங்கும் செலவு மிச்சம். தப்பாக நினைக்க வேண்டாம். என் தொழில் அப்படி. எந்த அறைக்குப் போனாலும் எனக்கு முன்னால் என் காது உள்ளே போய்விடும்.

ஒலிபெருக்கி, ஹெட்போன், கம்ப்யூட்டர் என்று சத்தம் போடுகிற எதையும் பழுது பார்ப்பவன் நான். கடை கீழே, வீடு மேலே. வீடு என்றால் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். என் தங்கைக்கு அந்தச் சுவரால் தொந்தரவு கிடையாது. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியவன் நான்தான்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் எனக்கு அவள், அவளுக்கு நான். எனக்குப் பெண் பார்த்தார்கள். ஓரிடம் கிட்டத்தட்ட முடிந்தும் விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு தங்கை எங்கே இருப்பாள் என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். எங்கே இருப்பாள், வீட்டில்தான் என்றேன். அப்புறம் அவர்கள் போனை எடுக்கவில்லை. அதைப் பற்றி நான் தங்கையிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. சொல்லாமல் இருக்கிறேன் என்பதை மட்டும் ஒன்றிரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

அவள் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டவள் இல்லை. ஒரு மருத்துவமனையில் டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பாள். அவற்றை அனுப்பும் பெண்ணை வீட்டில் 'பதிவு அக்கா' என்போம். தங்கை காலையில் ஹெட்போனை மாட்டினால் பொழுது சாயத்தான் கழற்றுவாள். ஒரு காதில் டாக்டர், இன்னொரு காதில் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டர் குரல். அந்தக் குரல் ஓடுகிற ஓட்டத்தில் எனக்கு ஒரு சொல் பிடிபடாது. அவளோ கேட்டுக்கொண்டே நடுவில் சிரிப்பாள்.

அவள் கம்ப்யூட்டரில் இருந்தது இலவச இயங்குதளம். ஊர் உலகமெல்லாம் பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்டிருக்கிறார்கள். அதில், சத்தத்தை வெளியே அனுப்பும் ஒலி அட்டைக்கு ஒரு டிரைவர் உண்டு. அட்டைக்குக் கம்ப்யூட்டரின் மொழி தெரியாது. நடுவில் நின்று எடுத்துச் சொல்லும் நிரலுக்குத்தான் டிரைவர் என்று பேர். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல அட்டையும் ஊமை.

அந்த டிரைவரை எழுதிப் பராமரித்தவர் எங்கேயோ தொலைவில் இருக்கிற ஒரு மனிதர். சம்பளம் கிடையாது. தங்கை சந்தேகம் கேட்டு எழுதுவாள், அவர் பொறுமையாகப் பதில் சொல்வார். பிறகு போனிலும் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் டிரைவர் என்றே பேராகிவிட்டது. எங்கள் சித்தி வந்திருந்தபோது, "எப்பப் பாத்தாலும் டிரைவர் டிரைவர்ங்கறாளே, யாருடா அவன், என்ன வண்டி ஓட்டுறான்?" என்று என்னை ஓரமாக இழுத்துக் கேட்டாள். அதைக் கேட்டுத் தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

ஆனால் இலவசம் என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஐயா. காசு வாங்கியவனைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். சும்மா கொடுத்தவன் நாளைக்குக் கையைக் கழுவிக்கொண்டு போனால் யாரைப் போய்க் கேட்பது? விலை கொடுத்ததுதான் நம்முடையது. நான் என் தங்கைக்கு என்ன விலை கொடுத்தேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். தூரத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடம். பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்க ஆள் தேடுகிறார்களாம். தங்குவதற்கு அங்கேயே இடமும் உண்டு. கம்ப்யூட்டர் வழியாகவே நேர்காணல்.

"நீயும் கொஞ்சம் மூச்சு விடலாம்ல, அண்ணா," என்றாள்.

சாப்பாடு ஆறுது, சாப்பிடு என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கினேன். அவள் போனபின் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஷட்டரை இறக்குவேன். படியேறுவேன். ஜன்னலைத் திறப்பேன். அந்தச் சுவர் இருக்கும். நான் எதற்காகக் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தேன் என்று கேட்டால், காட்டுவதற்கு ஆள் இருக்காது.

நேர்காணலுக்கு முன்பு அவள் குளிக்கப் போன நேரம் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த டிரைவரை எழுப்ப வேண்டாம் என்கிற வரி. வந்து உட்கார்ந்தாள். விசையைத் தட்டினாள், மறுபடி தட்டினாள். "அண்ணா, பேச மாட்டேங்குது," என்று படியில் நின்று கூப்பிட்டாள். நான் மேலே வந்து ஒயரைப் பிடுங்கினேன், செருகினேன், பெருமூச்சு விட்டேன். இலவசம் என்றால் இப்படித்தான், நேரம் பார்த்துக் காலை வாரும் என்றேன். நேர்காணல் போயிற்று. அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் நல்லவர்கள், இன்னொரு முறை கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

அதே அட்டைக்குக் கட்டண டிரைவர் ஒன்றும் விற்பனையில் இருந்தது. வாங்கிப் போட்டேன். போடுவதற்கு முன் இரண்டையும் உட்கார்ந்து படித்தேன். தொழிலில் எனக்கு அந்த ஒழுங்கு உண்டு. இலவச டிரைவரில் அந்த மனிதர் ஒரு தடுப்பு வைத்திருந்தார். ஹெட்போனில் சத்தம் ஒரு அளவுக்கு மேல் போகாது. நிரலுக்குப் பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருந்தார்: நாள் முழுக்கக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கெட்டுப்போன காது திரும்ப முளைக்காது. கட்டண டிரைவரில் அந்தத் தடுப்பு இல்லை. கூடுதல் ஒலி என்று அதையே ஒரு வசதியாகச் சொல்லி விற்றார்கள். அவர் எழுதியதைப் படித்திருக்காவிட்டால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது. அந்த வகையில் அவருக்கும் இதில் பங்கு உண்டு. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

முதல் நாள் காதைக் குத்துகிறது என்றாள். உடனே குறைத்தேன். அப்புறம் அவ்வப்போது ஓர் இழை, ஓர் இழையாகக் கூட்டினேன். நான் கூட்டியது அடியில், டிரைவருக்குள் இருந்தது. மேலே அவளுக்கு வாசித்துக் காட்டும் அளவு மாறவே இல்லை. பழக்கம் பெரிய விஷயம், ஐயா. கொஞ்ச காலத்தில், "சத்தம் கம்மியா இருக்கு. கொஞ்சம் கூட்டி வை, அண்ணா," என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்காமல் நான் ஒரு தடவைகூடக் கூட்டியதில்லை.

காதுக்குள் விசில் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சளியாக இருக்கும் என்றேன். டாக்டரிடம் போகலாமா என்றாள். கடையில் வேலை கழுத்து வரைக்கும் இருக்கிறது, முடிந்ததும் போகலாம் என்றேன். இலவச டிரைவர் அந்த அட்டையில் நன்றாகவே ஓடும், அதையே திரும்பப் போடு என்று அந்த மனிதர் சொன்னதாகச் சொன்னாள். சரி என்று உட்கார்ந்து, கொஞ்ச நேரம் விசைகளைத் தட்டிவிட்டு, போட்டாயிற்று என்று எழுந்தேன். இப்ப எவ்வளவு தேவலாம் என்று என் தோளைத் தட்டினாள்.

இரண்டாவது நேர்காணலின்போது நான் சமையலறை வாசலில் நின்றேன். என்ன கேட்டீங்க, இன்னொரு தரம் சொல்றீங்களா, மன்னிச்சுக்கோங்க, இன்னொரு தரம். அவர்கள் கடைசி வரை மரியாதையாகப் பேசினார்கள். பிறகு எழுதுகிறோம் என்றார்கள். பிறகு மருத்துவமனைக் குறிப்பில் ஒரு மருந்தின் பேரை இன்னொன்றாக அடித்துவிட்டாள். டாக்டர் கவனித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "எடுத்து வச்சிடு," என்றாள்.

சின்ன வயதில் நான் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துகளை வீட்டுக்கு வந்து அவள் உள்ளங்கையில் எழுதிக் காட்டுவேன். எழுத்தின் உருவம் அவளுக்கு அப்படித்தான் தெரியும். காது அடைத்துப்போன பின் நாங்கள் அதற்கே திரும்பினோம். சாப்பாடு ரெடி என்று எழுதுவேன். மழை பெய்கிறது என்று எழுதுவேன். பதிவு அக்கா கூப்பிட்டாள் என்று எழுத மறந்துவிடுவேன். உலகத்தில் அவளுக்கு எட்டுவது எல்லாம் என் விரல் வழியாகத்தான் எட்டியது. அந்த மாதங்களில் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். சில நேரம் கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள்.

பதிவு அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால் வந்தேன் என்றாள். தங்கையை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். தடுக்க எனக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. இது பாய்லர் பக்கத்தில் பல வருஷம் வேலை செய்தவர்களின் காது மாதிரி இருக்கிறதே, வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு எப்படி வந்தது என்று காது டாக்டர் கேட்டாராம். திரும்பி வந்ததும் பதிவு அக்கா கம்ப்யூட்டரைப் போட்டாள். டிரைவரைப் போனில் கூப்பிட்டு, அவர் எங்கெங்கே பார்க்கச் சொன்னாரோ அங்கெல்லாம் பார்த்து வாசித்துக் காட்டினாள். இது என் டிரைவரே இல்லை என்று அவர் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இதை யாரு இவ்வளவு ஏத்தி வச்சது?" என்று என்னைக் கேட்டாள்.

"அவதான் கேட்டா," என்றேன். அது பொய்யில்லை.

பதிவு அக்கா தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து, உள்ளங்கையில் எழுதினாள். அந்த வித்தையைத் தங்கை ஆட்டோவிலேயே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. நடந்த எல்லாவற்றிலும் எனக்கு வருத்தம் தந்தது அது ஒன்றுதான்.

நிறைய எழுதினாள். தங்கை கையை இழுத்துக்கொள்ளாமல் கடைசி வரை வாங்கிக்கொண்டாள். பிறகு நான் நிற்காத பக்கமாக முகத்தைத் திருப்பி, காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி கொஞ்சம் உரக்கப் பேசினாள்.

"நான் போயிட்டா நீ நிம்மதியா இருப்பேன்னு நினைச்சேன், அண்ணா."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. அன்றைக்கே பதிவு அக்காவோடு போய்விட்டாள்.

தங்கை எழுதிக் கொடுத்த புகாரில் இருப்பது எல்லாம் உண்மை. டிரைவரை ஊமையாக்கியது நான். சத்தத்தைக் கூட்டியது நான். அவளுக்குக் கேட்காமல் போக வேண்டும் என்று நினைத்துத்தான் கூட்டினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். அவள் என்மேல் வெறுப்பாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். இன்று காலை வெளி வராந்தாவில் அவளை உட்கார வைத்திருந்தீர்கள். உங்கள் ஆள் அனுமதித்ததால் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் சால்டரிங் கம்பி சுட்ட தழும்பு ஒன்று இருக்கிறது, அதில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் எழுதுவதற்காக அவள் உள்ளங்கையைத் திருப்பினேன். அவள் முஷ்டியை இறுக்க மூடிக்கொண்டாள், எவ்வளவு முயன்றும் திறக்க முடியவில்லை. வேறொன்றுமில்லை, ஐயா. புது இடம், நாலு பேர் நடமாட்டம். யாருடைய கை என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.