மரங்கொத்தி அக்காவும் மீதமுள்ள ஒன்பது நாட்களும்

மருத்துவமனையின் இந்த இரங்கல் கூட்டத்தில், மேடையில் இருக்கும் பெரிய டாக்டருக்கும், செவிலியர்களுக்கும், மரங்கொத்தி அக்காவின் கணவருக்கும், அழுது ஓய்ந்து அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நான் இங்கே பேசுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

அம்மா இங்கே கழுத்துவலிக்கு வருவதாக அப்பா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். கழுத்துவலி இல்லை. மனச்சோர்வு. இரண்டு வருடமாக, நான்கு விதமான மாத்திரைகளுக்கும் அசையாத மனச்சோர்வு. இனி மூளையைத் தூண்டும் காந்தச் சிகிச்சைதான் என்றார் டாக்டர். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பது நாள்.

அந்தக் காந்தத்தை அம்மாவின் தலையில் வைத்தவர் நம் மதிப்பிற்குரிய கருவி இயக்குநர். மரம் கொத்துவதுபோல டொக் டொக்கென்று சத்தம் வருவதால், எங்களுக்கெல்லாம் அவர் மரங்கொத்தி அக்கா.

சரியான இடத்தில் காந்தம் பட்டால் கட்டைவிரல் தானாகத் துடிக்கும். அங்கிருந்து அளந்து, சிகிச்சைக்கான இடத்தை அம்மா தலையில் போடும் தொப்பியில் பேனாவால் குறிப்பார் அக்கா. அந்தத் தொப்பியை அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன். ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. வேறு யாராக இருந்தாலும் திட்டியிருக்க மாட்டார்களா? அக்கா மறுபடி ஒரு மணி நேரம் விரலைப் பார்த்துக்கொண்டே தேடினார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

பத்தொன்பதாம் நாள் அம்மா திடீரென்று கேட்டார்: "இத்தனை நாளா கொத்துறியேம்மா, ஒரு புழுவாவது கிடைச்சுதா?"

"கிடைச்சா உங்க வீட்டுக்காரருக்கு வறுத்துக் குடுத்துடலாம்" என்றார் அக்கா.

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இருபத்தொன்றாம் நாளோடு சிகிச்சை நின்றுவிட்டது. அக்காவுக்கு மாரடைப்பு என்றார்கள். நாற்பது வயதில் போகிற உயிரா அது? புதியவர் வந்துவிட்டார், திங்கட்கிழமை தொடரலாம் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அம்மாவோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணே போயிட்டா. எனக்கும் போதும், விட்டுடு பாப்பா" என்கிறார்.

எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. சமைத்து, பள்ளிக்கு ஓடி, பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் ஒன்பது நாட்கள் மீதம் இருக்கின்றன.

டாக்டர் ஐயா, திங்கட்கிழமை எட்டரைக்கு அந்த அறையைத் திறந்து வையுங்கள். அம்மாவைக் கூட்டி வருவேன். அன்று வராவிட்டால் செவ்வாய்க்கிழமை. கருவியை இயக்க எனக்குத் தெரியாது. அக்காவின் வேலையில் எனக்கு வருவது ஒன்றுதான்: பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கடைசித் தட்டு ஓயும்வரை எழுந்து போகாமல் இருப்பது. அதை நான் செய்வேன், அக்கா.