பச்சைப் பட்டன் ரெண்டு தடவை

இல்லம்மா, அந்தப் பட்டன் இல்ல. பச்சை. ஒரே ஒரு தடவ அமுக்குங்க, போதும். ரெண்டாவது தடவ விரல் பட்டுச்சுன்னா போன் போயிடும். ஐயோ, மெதுவா. வந்துச்சா? வரிசையா நம்பரா வரும். மேல இருக்கறதோட கடைசி ரெண்டு நம்பர் மட்டும் படிங்க. நான் கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். நாப்பதா? நாப்பதுன்னு சொல்லுங்கம்மா.

எழுபத்தேழா.

நல்லாப் பாத்தீங்கல்ல? காலையில ஏழே காலுக்கா? எவ்ளோ நேரம் பேசினேன்னு அதுல போட்டிருக்குமாமே. ஆறு நிமிஷம். சரி. குடுங்க, குடுங்க, கையில வச்சிருந்தா திரும்ப எங்கயாவது பட்டுடும்.

ஒண்ணுமில்ல. தண்ணியெல்லாம் வேணாம்மா.

நீங்க எந்த ரூமுக்கு வந்திருக்கீங்க? அப்பாவோட பென்ஷன் பேப்பருக்கா. அப்ப உங்களுக்கு அந்தப் பக்கத்துக் கதவு. எனக்கு இந்தக் கதவு. உள்ள இப்ப ஆபீசரு விசாரணை நடத்தறாரு. அட்டைப்பெட்டிக் கம்பெனி விசாரணை. நான் அங்கதான் வெட்டுற மிஷின்ல இருக்கேன், பதினோரு வருஷமா. சாட்சி சொல்ல வந்திருக்கேன். ஒம்பது பேரு சொல்லிட்டுப் போயாச்சு, நான் பத்தாவது.

சிரிக்கிற சத்தம் கேக்குதா? அது எங்க சூப்பர்வைசரு. உள்ளதான் இருக்காரு. அந்த எழுபத்தேழு அவருதான்.

இதுல பேரெல்லாம் போட்டு வைக்கத் தெரியாதும்மா எனக்கு. பேசறதுக்குத்தானே போனு. எம் பொண்ணு பெரிய போன் வாங்கிக் குடுத்தா, தடவற போனு. நாலு நாள் வச்சிருந்தேன். கன்னத்துல வச்சுப் பேசினா அதுவா யாருக்கோ படம் அனுப்புது. அவகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். அம்மா, உன்னை மியூசியத்துல வைக்கணும்னா. வையிடி, அங்கயாவது உக்கார விடுவாங்கன்னேன்.

நான் போன் போடறது ஒரே ஆளுக்குத்தான், என் தங்கச்சிக்கு. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்துல வேலை பாக்கறா. பச்சைப் பட்டன் ரெண்டு தடவைன்னா தங்கச்சி. வருஷக்கணக்கா அப்படித்தான். கடைசியாப் போட்ட நம்பருக்கே அது திரும்பப் போகும், நான் கடைசியாப் போட்டது எப்பவும் அவளாத்தான் இருப்பா. அவளும் பேச மாட்டா. போனத் தோள்ல இடுக்கிக்கிட்டு ம், ம்னுவா, பின்னாடி மிஷின் கடகடன்னு ஓடும். நான் பாட்டுக்கு எல்லாத்தையும் கொட்டிட்டு வச்சிடுவேன்.

நேத்து சாயங்காலம் இன்னைக்கு லீவு கேக்கணும்னு சூப்பர்வைசருக்குப் போட்டேன். நம்பர் எழுதி வச்ச பேப்பரைப் பாத்து ஒவ்வொண்ணா அமுக்கிப் போட்டேன். போட்டதோட மறந்துட்டேன்.

ஆங், அதேதாம்மா. உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. எனக்கு மத்தியானம் வரைக்கும் புரியல.

காலையில கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு தடவ அமுக்கினேன். இங்க வந்து என்ன சொல்லப் போறேனோ அத்தனையும் சொன்னேன். இன்னும் ஒண்ணும் சேத்துச் சொன்னேன், வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லாதது. அந்தப் பக்கம் ம், ம்னு கேட்டுச்சு. மிஷின் சத்தம் கேட்டுச்சு. வெறும் ம்முல ஆம்பளை பொம்பளை எங்கம்மா தெரியுது? எங்க கம்பெனியிலயும் மிஷின் ஓடும்ல? வச்சிட்டு, அப்பாடா, தலையில இருந்து ஒரு மூட்டை எறங்குச்சுன்னு முகம் கழுவினேன்.

மத்தியானம் தங்கச்சி கூப்பிடறா. என்னக்கா, ரெண்டு நாளா சத்தத்தையே காணோம், கோவமாங்கறா.

அப்பவும் மனசு ஒத்துக்கல. இங்க வந்து இந்த பெஞ்சுல உக்காந்தேனா, சூப்பர்வைசர் படியேறி வந்தாரு. என்னைப் பாத்து நின்னாரு. சாப்பிட்டீங்களாம்மா, பாத்து உக்காருங்கன்னாரு. பதினோரு வருஷத்துல அவர் என்னை நீங்கன்னு கூப்பிட்டதே இல்ல. ஏய், இந்தாம்மா, அவ்ளோதான் மரியாதை. அதான் முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்டப் போனக் குடுத்தேன்.

எதுக்கு விசாரணையா? எங்ககூட ஒரு பொண்ணு. ரேடியோன்னு கூப்பிடுவோம், வாய் மூடாது. மிஷின் சத்தத்தையும் மீறிப் பேசும். என்னைக் கெழவி போனக்கான்னு கிண்டல் பண்ணிக்கிட்டே இருப்பா. மிஷினுக்கு முன்னால ஒரு இரும்பு மூடி உண்டு, கை உள்ள போகாம இருக்க. அதை மாட்டினா வேலை மெதுவாகுதுன்னு சூப்பர்வைசர் கழட்டச் சொல்லிட்டாரு. மூணு மாசமா மூடி இல்லாமத்தான் ஓட்டினோம். ஒரு நாள் அவ கை உள்ள போயிடுச்சு. இப்ப வலது கையில மூணு விரல் இல்ல. நாங்க பாக்கப் போனோம். ரேடியோ ஒரு வார்த்தை பேசல.

கம்பெனி என்ன சொல்லுதுன்னா, மூடி இருந்துச்சு, அந்தப் பொண்ணுதான் அஜாக்கிரதையாக் கைய விட்டுடுச்சு, உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டோம். இதைத்தான் ஒம்பது பேரும் சொல்லிட்டுப் போயிருக்காங்க. பொய்யே இல்ல, ஆபீசருங்க வந்து பாக்கும்போது மூடி இருந்துச்சா இல்லியா, அதை மட்டும் சொல்லுன்னு சூப்பர்வைசர் எனக்கும் சொல்லிக் குடுத்தாரு.

இருங்க, போன் அடிக்குது. நம்பர் பாருங்கம்மா, பாருங்க. நாப்பதா? தங்கச்சி. அடிக்கட்டும். அவ குரலக் கேட்டா நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்.

நிஜத்தைச் சொல்லிட்டா என்னன்னா கேக்கறீங்க? சொல்லத்தாம்மா வந்தேன். மூடி இல்லன்னு சொல்லிடலாம். ஆம்புலன்சுக்கு உடனே போடலன்னும் சொல்லிடலாம். அந்த ஆம்புலன்ஸ் போன் போனதே என் போன்லேர்ந்துதான். கேமரா இருக்கற போனெல்லாம் கேட்டுலயே பொட்டியில போட்டுட்டுத்தான் உள்ள வரணும். என்னுதுல கேமரா இல்ல, வாட்ச்மேன் சிரிச்சுக்கிட்டே விட்டுடுவாரு. சூப்பர்வைசர் போனு மாடியில கண்ணாடி ரூம்ல இருந்துச்சு. கீழ, அவ்ளோ பெரிய இடத்துல, போனுன்னு இருந்தது என் பையில மட்டும்தான். அதைத்தான் இன்னைக்குச் சொல்லணும்னு இருந்தேன்.

ஆனா அவர் இப்ப உள்ள உக்காந்துக்கிட்டு, நான் வாயத் தொறந்த உடனே, போனு உன் பையிலதானே இருந்துச்சு, ஏன் உடனே போடலன்னு ஒண்ணே ஒண்ணு கேப்பாரு. அதான் அந்தச் சிரிப்பு. நானே காலையில ஆறு நிமிஷம் பேசி, கேக்க வேண்டியதை அவர் கையில எடுத்துக் குடுத்துட்டேன்.

ஒம்பது நிமிஷம்மா. அவ கை அடிபட்டதுக்கும் நான் போன் போட்டதுக்கும் நடுவுல. சுவத்துல கடிகாரம் இருக்கு, பாத்தேன். இன்னும் சீக்கிரமாக் கொண்டாரக் கூடாதான்னு டாக்டர் கேட்டாராம், அவங்க அம்மா சொல்லிச் சொல்லி அழுதாங்க. நான் பக்கத்துல நின்னு கண்ணத் தொடச்சு விட்டேன், அவங்க கண்ண.

மொதல்ல மூடிய மாட்டு, அப்புறம் கூப்பிடலாம்னாரு சூப்பர்வைசரு. போனும் ஸ்பேனரும் ஒரே பையிலதான் இருந்துச்சு. நான் ஸ்பேனரை எடுத்தேன்.

நாலு போல்ட்டு. மூணு சட்டுனு ஏறிடுச்சு. நாலாவதுக்கு எப்பவுமே மரை சரியில்ல, கழட்டிக் கழட்டி மாட்டணும். அவ சுவத்துல சாஞ்சு, கையத் துணியில சுத்திக்கிட்டு, என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. கத்தல. அக்கா, போனுன்னு ஒரு தடவ சொன்னா. இருடி, வந்துட்டேன்னு சொல்லிட்டு நான் அதை முறுக்கிக்கிட்டு இருந்தேன்.

அதையும் சேத்துச் சொன்னாத்தான் நான் சொல்ற மத்தது நிக்கும். இல்லம்மா?

ஏன், தள்ளி உக்காந்துட்டீங்க.

கதவு தொறக்குது. என்னைத்தான் கூப்பிடறாங்க. வர்றேன் சார், வர்றேன். காலு மரத்துப் போச்சு, எழுந்திரிக்க வரல. கொஞ்சம் கையக் குடுங்கம்மா.

பரவால்ல. சுவத்தப் புடிச்சுக்கறேன்.