ஆர்டிஸ் சொன்ன கடைசி எண்

பனி கொட்டும் எங்கள் டுலூத் ஊரில் யாரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் பரவாயில்லை என்பார்கள். கை ஒடிந்து தொங்கினாலும் அதே பதில்தான். நானும் இங்கேயே வளர்ந்தவன். அந்தப் பரவாயில்லைக்குள் எவ்வளவு வலி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்றெல்லாம் விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் சொல்லப்போவதில்லை.

முழங்கால் மூட்டு தேய்ந்தவர்களின் மூளையைப் படம் பிடிப்பது என் வேலை. மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையை விழுங்கியும் சிலருக்கு வலி குறைந்துவிடும். யாருக்குக் குறையும் என்பதை முன்கூட்டியே மூளைப் படத்தில் காணலாம் என்று ஏழு வருஷமாகச் சொல்லிவந்தேன். நெற்றிக்குப் பின்னால் ஓர் இடம். ஆர்டிஸ் ஹௌகனின் படத்தில் அந்த இடம் விளக்குப் போட்டதுபோலத் தெரிந்தது. இவருக்குக் குறையாவிட்டால் வேறு யாருக்குக் குறையும்?

அவருக்கு வயது எழுபத்தொன்று. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருந்தா மாவா என்று தெரியாமல்தான், எல்லோரையும் போல, மாத்திரையை வாங்கிப்போனார். வாரா வாரம் போன் செய்து வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பேன்.

“ஆறுன்னு வச்சுக்கோ லோரன் தம்பி. வேண்டாம், ஆறுன்னா பெருசா அழற மாதிரி இருக்கு. அஞ்சு போடு.”

“போன வாரத்துக்குத் தேவலையா, ஆர்டிஸம்மா?”

“உன் மாத்திரையக் குத்தம் சொல்வேனா? தேவலதான்.”

“அப்ப நாலு போட்டுக்கலாமா?”

“போடு, போடு. இல்லேன்னா உன் படம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்.”

இருவரும் சிரிப்போம். நான் பொய் எழுதவில்லை. எழுதிய எண்ணுக்கெல்லாம் அவர் சரி என்றிருக்கிறார்.

கடைசி வாரம் வாசற்படியில் பனியில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். கால் வீங்கியிருப்பதாகவும், கொஞ்சம் சூடாக இருப்பதாகவும் போனில் சொன்னார். வீக்கமும் சூடும் சேர்ந்தால் அன்றே டாக்டரிடம் அனுப்ப வேண்டும், ஆளை ஆராய்ச்சியிலிருந்து விலக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவனே நான்தான். கடைசி ஸ்கேனுக்கு நான்கு நாள் இருந்தது.

“டாக்டரப் பாத்துட்டு வந்துடட்டுமா?” என்று அவர் கேட்டார்.

“படத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாலு நாள்தானே,” என்றேன்.

அவர் எனக்கு நன்றி சொன்னார். அதை நினைக்கும்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான்காம் நாள் கைத்தடி ஊன்றி வந்தார். வெறுங்கையோடு வரக்கூடாதென்று எலுமிச்சை கேக் செய்து எடுத்துவந்திருந்தார். அதை வாங்கும்போது என்மேல் பட்ட அவர் கை கொதித்தது. ஸ்கேன் குழாய்க்குள் போனதும் அவருக்கு நடுக்கம் கண்டது. படம் கலங்கிக் கலங்கி வந்தது. நான் மைக்கில், அசையாமல் இருங்கள், இன்னும் பதினொரு நிமிஷம்தான் என்றேன். அசையாமல் இருந்தார். காய்ச்சலில் உதறும் உடம்பை எப்படிப் பிடித்து நிறுத்தினாரோ. எனக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பதற்காக நிறுத்தினார். படம் சுத்தமாக வந்தது. அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முழங்காலில் புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்ததில், ஸ்கேன் எடுத்த மூன்றாம் நாள் ஆர்டிஸ் இறந்துபோனார். அவர் மகள் ஜாய்ஸ் காலி மாத்திரைக் குப்பியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். “அம்மா ஒரு வேளைகூடத் தவறவிடல. இத உங்ககிட்டத் திருப்பித் தரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க,” என்றாள். நான் வாங்கிக்கொண்டு, உங்கள் அம்மா மாதிரி ஆள் கிடைக்காது என்றேன். வெட்கம்கெட்ட வாய்.

கடைசித் தாளில் இருக்கும் இரண்டு என்ற எண்ணும் அவர் சம்மதித்ததுதானா என்று கேட்டீர்கள். மற்ற எண்களை நாங்கள் பேசிப் பேசிக் குறைத்தோம். கடைசி ஸ்கேன் அன்று பேச்சே இல்லை. மேசையிலிருந்து இறங்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்பவர்போல, “பத்து, தம்பி,” என்றார்.

நான் இரண்டு என்று எழுதினேன்.