பென்னலூர் விடுதியில் ஏசி கழுவிய தண்ணீர் குறித்து

வனமாமலை, வயது 36, த/பெ காசிராஜன், சொந்த ஊர் நாங்குநேரி. தற்போது பிள்ளைப்பாக்கத்தில் வாடகை வீட்டில் குடியிருந்து, பதினோரு வருடமாக ஏசி சர்வீஸ் வேலை செய்து வருகிறேன். பென்னலூரில் எல்லப்பன் என்பவர் நடத்தும் பெண்கள் விடுதியில் கம்பெனி ஷிப்டுக்குப் போகும் பெண்கள் தங்கியுள்ளனர். அங்குள்ள பதினான்கு அறைகளின் ஏசியையும் நான்தான் பார்த்து வருகிறேன்.

11.05.2025 ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே வேலைக்குப் போனேன். ஏசியைக் கழற்றியதும் உள்ளே கருப்பாகக் கொழகொழவென்று அழுக்கும், முடிச்சுருளும், செத்த பல்லியும் இருந்தன. அந்தக் காற்றைத்தான் அறைக்கு எட்டுப் பெண்கள் சுவாசித்து வந்தார்கள். ஒரு வருடமாகச் சர்வீசுக்கே கூப்பிடாத மேற்படி எல்லப்பன் மீது எனக்கு வெறுப்பு வந்தது. ஏழாம் அறையில் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு கட்டில் மேல் சொட்டியது. அந்தக் கட்டிலில் படுக்கும் தென்காசிப் பக்கத்துப் பெண் மாரிசெல்வி, வயது சுமார் 21, "அண்ணே, நாத்தம் கொடலப் புடுங்குது, நல்லாக் கழுவி விடுங்க" என்றார்.

கெமிக்கல் ஊற்றுமுன் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பது எங்கள் வேலையில் வழக்கம். எல்லா அறைக் குழாயும் கட்டடத்தின் பின்சந்தில் ஒன்றாக இறங்குகிறது. அங்கே செப்டிக் டேங்க் பொங்கி, உபயோகித்த நாப்கின்கள் மிதந்தன. சந்து முனை வரை போனவன், குழாயின் வாயைப் பார்க்காமலே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டேன். அதன் பிறகு ஏழாம் அறைக் குழாயில் காரமான கெமிக்கலைத் தண்ணீர் கலக்காமல் அரை லிட்டர் ஊற்றி, பம்பு வைத்து அடைப்பைத் தள்ளினேன்.

அதன் பிறகு ஒன்றே கால் மணி அளவில் கூச்சல் கேட்டுக் கீழே ஓடினேன். சாப்பாட்டு ஹாலில் ஆறு பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாரிசெல்வி தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். சமையல் செய்யும் மீனம்மாளைக் கேட்டதற்கு, "லாரி தண்ணி வரலப்பா. ஏசி தண்ணி புட்ச்ச டிரம்முல மொண்டுதான் மோர் கரைச்சேன். ஒரு மாசமா அதானே" என்று அழுதார். பின்சந்துக்குப் போய்ப் பார்த்தேன்; அந்தக் குழாயின் வாயில் ஹோஸ் மாட்டி, சமையலறை ஜன்னல் வழியாக டிரம்முக்குள் விட்டிருந்தார்கள். பல்லி ஊறிய தண்ணீரை ஒரு மாதமாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கு வந்த எல்லப்பன் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, என் தோளில் கை போட்டு, "இன்னாபா, வெறும் தண்ணிதானே அட்ச்ச? யாரு கேட்டாலும் அத்தயே சொல்லு. வெளிய ஓட்டல்ல துன்னுச்சுங்கன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். நான்கு மணி அளவில், அந்தப் பெண்களைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் டாக்டர், ஒரு பெண்ணிடம் என் நம்பரை வாங்கி போன் செய்து, ஏசிக்கு ஏதாவது கெமிக்கல் போட்டீர்களா என்று கேட்டார். வெறும் தண்ணீர்தான் சார் என்று சொன்னேன்.

மறுநாள் மாலை மருத்துவமனைக்குப் போனேன். மாரிசெல்வியால் எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சும் இல்லை. கிண்ணத்தில் துப்பிக்கொண்டே போனில் எழுதி என்னிடம் காட்டினார்: "அண்ணே, உள்ள போனது என்னதுன்னு டாக்டரு நேத்துலருந்து கேக்காவ. ஒங்களுக்குத் தெரியுமா?"

அதன் பிறகு என் பையிலிருந்த கெமிக்கல் கேனை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் லேபிளைப் படித்துவிட்டு, நேற்றே தெரிந்திருந்தால் வயிறு கழுவ டியூப் விட்டிருக்க மாட்டேன், அதில் புண் அதிகமாகிவிட்டது, இனி சாப்பாடு தொண்டை வழியாகப் போகுமா என்று சொல்ல முடியாது என்றார். என்னை நினைத்து எனக்கே சீ என்று ஆனது. அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எல்லப்பன் மிரட்டியதால் டாக்டரிடம் பொய் சொன்னதாக எழுதட்டுமா என்று ஆய்வாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் மிரட்டவில்லை. டாக்டர் போன் செய்தபோது அவர் பக்கத்திலும் இல்லை. நான் தனியாக டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) வனமாமலை
12.05.2025